செயற்கை உலோக நொதி வடிவமைப்பு: வினையைத் தேர்வதிலிருந்து வேலை செய்யும் வினையூக்கி வரை

இரிடியம், ரோடியம், ருத்தேனியம் ஆகிய உலோகங்களைத் தன் நொதியில் வைத்து வேலை வாங்கும் உயிரினம் எதுவும் நமக்குத் தெரியாது. கரிம வேதியியல் ஆய்வகங்களிலோ இவை அன்றாடச் சரக்கு. இரட்டைப் பிணைப்பில் ஹைட்ரஜன் சேர்க்க, கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பை உடைத்து அங்கே வேறொன்றை ஒட்ட, இரண்டு ஆல்கீன்களின் பாதிகளை மாற்றிப் பொருத்த என்று எதற்கும் இவைதான் கைகொடுக்கின்றன. நொதிகளோ இந்த வினைகள் பலவற்றை அறியாதவை. ஆனால் அறிந்த வினையைத் தண்ணீரில், அறை வெப்பநிலையில், வலது இடது வடிவங்களில் ஒன்றை மட்டும் தேர்ந்து செய்துமுடிக்கும். இந்த இரண்டு திறமைகளையும் ஒரே மூலக்கூறுக்குள் கொண்டுவருவதுதான் செயற்கை உலோக நொதி.

எண்ணம் பழையது. 1976-ல் யமமுராவும் கைசரும் கார்பாக்சிபெப்டிடேஸ் நொதியிலிருந்த துத்தநாகத்தை எடுத்துவிட்டுத் தாமிரத்தை வைத்தார்கள். புரதத்தை வெட்டும் அந்த நொதி அஸ்கார்பிக் அமிலத்தை ஆக்சிஜனேற்றம் செய்யத் தொடங்கியது. 1978-ல் வில்சனும் ஒயிட்சைட்ஸும் பயோட்டின் வைட்டமினோடு ஒரு ரோடியம் அணைவைக் (உலோகமும் அதைப் பிடித்து நிற்கும் தொகுதிகளும் சேர்ந்த மூலக்கூறு) கோத்து, முட்டை வெள்ளைக்கருவில் இருக்கும் அவிடின் புரதத்துக்குள் அதை அமர்த்தினார்கள். கிடைத்த ஆடிபிம்ப மிகை, அதாவது வலது இடது வடிவங்களில் ஒன்று மற்றதைவிட எவ்வளவு கூடுதல் என்ற அளவு, ஏறக்குறைய 40 சதவீதம்தான். அதை மேலே கொண்டுபோக வேண்டுமானால் புரதத்தின் அமினோ அமிலங்களை விருப்பப்படி மாற்ற வேண்டும். அந்த வசதி எல்லா ஆய்வகங்களுக்கும் எட்டிய பிறகுதான், அதாவது இருபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, இந்தத் துறை வேகம் பிடித்தது.

முதுநிலை வேதியியலோ உயிர்வேதியியலோ படித்து, ஆய்வில் கால் வைக்கும் ஒருவரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உலோகத்தைப் புரதத்துக்குள் நுழைப்பது இந்த வேலையின் எளிய பகுதி. வினை அந்தப் புரதத்துக்குள்தான் நடக்கிறது என்று நிரூபிப்பதும், உலோகத்தை நேரடியாகத் தொடாமல் அதைச் சூழ்ந்து நிற்கும் அமினோ அமிலங்களைத் திருத்துவதும்தான் கடினமான பகுதி. நேரத்தை அங்கே ஒதுக்குங்கள்.

படி 1: வினையை முதலில் முடிவு செய்யுங்கள்

"எங்களிடம் ஒரு நல்ல புரதம் இருக்கிறது, இதை வைத்து என்ன செய்யலாம்?" என்று தொடங்கும் திட்டங்கள் பெரும்பாலும் நடுவழியில் நின்றுவிடும். வினையிலிருந்து தொடங்குங்கள். அந்த வினை தண்ணீரைத் தாங்க வேண்டும். அதன் வழிமுறை ஓரளவாவது தெரிந்திருக்க வேண்டும். விளைபொருளை விரைவாக அளக்கவும் முடிய வேண்டும்.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரு வினையைப் பின்தொடர்வோம். சால்சோலிடின் என்பது ஒரு சிறிய ஆல்கலாய்டு. அதற்கு முந்தைய நிலையில் கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் இடையே ஓர் இரட்டைப் பிணைப்பு, அதாவது இமீன், இருக்கிறது. அதை ஒடுக்கினால் அமீன் கிடைக்கும். அப்போது அந்தக் கார்பன் சீர்மையற்றதாகிறது. ஹைட்ரஜன் எந்தப் பக்கத்திலிருந்து வந்து சேர்கிறது என்பதைப் பொறுத்து வலது வடிவமோ இடது வடிவமோ உருவாகும். ஹைட்ரைடு தர சோடியம் ஃபார்மேட் போதும். அழுத்தக் கலன் வேண்டாம், ஹைட்ரஜன் உருளை வேண்டாம். எல்லாம் தண்ணீரில் கரையும். சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் வார்ட் குழு 2011-ல் செய்து காட்டியது இதைத்தான்.

அளப்பதைப் பற்றி ஒரு சொல். ஆடிபிம்ப மிகையைக் காண வலது இடது வடிவங்களைப் பிரிக்கும் கைரல் தூண் பொருத்திய எச்பிஎல்சி கருவி வேண்டும். ஒரு மாதிரிக்குப் பல நிமிடங்கள் ஆகும். நூற்றுக்கணக்கான மாற்றுருக்களை, அதாவது அமினோ அமிலம் மாற்றிய புரத வடிவங்களை, சலிக்க அது தாங்காது. ஆகவே முதல் சலிப்புக்கு, விளைபொருள் ஒளிரும்படியான ஒரு மாதிரி வினைபடுபொருளையும் தேடி வையுங்கள். ஆல்கீன்களின் பாதிகளை மாற்றிப் பொருத்தும் மெட்டாதெசிஸ் வினைக்கு வார்ட் குழு எடுத்த வினைபடுபொருள், வினை முடிந்ததும் அம்பெல்லிஃபெரோன் என்ற ஒளிரும் மூலக்கூறைத் தரும். வினை நடந்தால் சோதனைத் தட்டின் கிணறு நீலமாக ஒளிரும். இல்லையென்றால் இருண்டே இருக்கும்.

படி 2: உலோகமும் ஈனியும்

இங்கே ஒரு பெரிய பிரிவு இருக்கிறது. இரும்பு, தாமிரம், துத்தநாகம், மாங்கனீசு போன்ற முதல் வரிசை உலோகங்கள் தங்கள் ஈனிகளை (உலோகத்தைப் பிடித்து நிற்கும் தொகுதிகளை) எளிதில் விட்டுவிட்டு வேறொன்றைப் பிடிக்கும். அதனால் புரதத்தின் ஹிஸ்டிடின், சிஸ்டீன், குளுட்டமேட் ஆகியவற்றையே ஈனிகளாகக் கொடுத்து இவற்றை நேரடியாகப் பிடித்துவைக்கலாம். இரிடியம், ரோடியம், ருத்தேனியம் போன்றவற்றைப் பெரும்பாலும் கரிம ஈனிகளோடு வெளியே தயாரித்து, அந்த அணைவை அப்படியே புரதத்துக்குள் வைப்பதே நல்லது.

கல்லூரியில் படித்த இர்விங்–வில்லியம்ஸ் வரிசை இங்கே நேரடியாகப் பயன்படுகிறது. மாங்கனீசிலிருந்து தாமிரம் வரை பிணைப்பு வலுத்துக்கொண்டே போகும், துத்தநாகத்தில் இறங்கும். நீங்கள் மாங்கனீசுக்கென்று ஒரு குழி வடிவமைத்தாலும், கரைசலில் சிறிதளவு தாமிரம் இருந்தால் அதுதான் போய் உட்காரும். கடின அமிலம் கடினக் காரத்தையும், மென்மையானது மென்மையானதையும் நாடும் என்ற விதியும் அப்படித்தான். சிஸ்டீனின் கந்தகம் மென்மையானது. பல்லேடியமும் தங்கமும் அதைக் கண்டால் விடாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். உலோகத்தின் அணைவு இடங்கள் அனைத்தையும் புரதமே நிரப்பிவிட்டால் வினைபடுபொருள் வந்து சேர இடமிருக்காது. துத்தநாகத்தை நான்கு சிஸ்டீன்கள் பிடித்திருக்கும் துத்தநாக விரல் புரதங்களில் அந்த உலோகம் கட்டமைப்பைத்தான் தாங்குகிறது, வினையூக்கம் செய்வதில்லை. கார்பானிக் அன்ஹைட்ரேஸில் மூன்று ஹிஸ்டிடின்கள் மட்டுமே பிடித்திருக்கின்றன, நான்காம் இடத்தில் நீர் மூலக்கூறு. வினாடிக்குப் பத்து லட்சம் கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகளைக் கையாளும் வேகம் அந்த நான்காம் இடத்தில்தான் பிறக்கிறது.

படி 3: தாங்கு புரதத்தைத் தேர்வது

வழிகள் நான்கு. நான்கிலும் வெற்றிகள் உண்டு. ஆனால் எல்லாம் எல்லாருக்கும் ஏற்றவையல்ல.

முதலாவது, வலுவாகப் பிணையும் சிறு மூலக்கூறை நங்கூரமாக்குவது. அவிடினைப் போலவே பயோட்டினைப் பிடிக்கும் பாக்டீரியப் புரதமான ஸ்ட்ரெப்டாவிடினும் பயோட்டினும் சேர்ந்த இணை இதில் தலைசிறந்தது. பிரிகை மாறிலி (சிறியதாக இருக்க இருக்கப் பிணைப்பு இறுக்கம்) ஏறத்தாழ 10⁻¹⁴ மோலார். பயோட்டினின் வாலில் உலோக அணைவைக் கோத்துக் கரைசலில் சேர்த்தால் போதும், அது தானே குழிக்குள் போய் அமர்ந்துவிடும். உலோகம் வந்து நிற்கும் இடம் பயோட்டின் குழிக்கு வெளியே இருக்கும் முன்கூடம். 112-ஆம் இடத்துச் செரீனும் 121-ஆம் இடத்து லைசினும் அங்கே உலோகத்துக்கு மிக அருகில் இருக்கின்றன. இந்த இரண்டு எண்களையும் நினைவில் வையுங்கள். வெப்பம், டைமெத்தில் சல்ஃபாக்சைடு போன்ற கரைப்பான்கள் எதற்கும் இந்தப் புரதம் எளிதில் குலையாது. நம் சால்சோலிடின் வினைக்கு இதையே எடுத்துக்கொள்கிறோம்.

இரண்டாவது, சகபிணைப்பில் கட்டுவது. புரதத்தில் ஒரே ஒரு சிஸ்டீனை வைத்து, மாலிமைடு போன்ற ஒரு தொகுதியின் வழியாக ஈனியை அதில் ஒட்டுவார்கள். இயற்கையில் இல்லாத அமினோ அமிலத்தை மரபணு வழியாகவே சேர்ப்பது இன்னும் நுட்பமானது. நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் ஹெரார்ட் ரூல்ஃபெஸ் குழு பைபிரிடைல் அலனினை இப்படி நுழைத்தது. அப்போது உலோகத்தைப் பிடிக்கும் ஈனி புரதத்தோடே சேர்ந்து பிறந்துவிடுகிறது.

மூன்றாவது, இருக்கும் உலோகத்தை மாற்றுவது, அல்லது இருக்கும் உலோக நொதிக்கே புது வேலை கொடுப்பது. ஜான் ஹார்ட்விக் குழு 2016-ல் மயோகுளோபினின் ஹீமில் (இரும்பைத் தாங்கும் வளைய மூலக்கூறு) இரும்புக்குப் பதிலாக மெத்தில் ஏந்திய இரிடியத்தை வைத்தது. பிரான்சிஸ் ஆர்னால்ட் குழு உலோகத்தை மாற்றவே இல்லை. சைட்டோகுரோம் பி450 நொதியில் இரும்பைப் பிடித்திருந்த சிஸ்டீனைச் செரீனாக மாற்றியது. கார்பன் மோனாக்சைடு பிணைந்த நிலையில் 450 நானோமீட்டரில் இருந்த உறிஞ்சல் உச்சி 411-க்கு நகர்ந்தது. அதனால் அதற்குப் பி411 என்று பெயர். அந்த ஒரே மாற்றத்தில் இரும்பின் ஒடுக்க மின்னழுத்தம் உயர்ந்தது. செல்லுக்குள் இருக்கும் ஒடுக்கியே அதை இயக்கப் போதுமானதாயிற்று; உயிருள்ள பாக்டீரியாவுக்குள்ளேயே மூன்று கார்பன் வளையத்தை உருவாக்கும் வளையமாக்கல் நடந்தது.

நான்காவது, புரதத்தையே புதிதாகப் படைப்பது. வின்சென்ட் பெக்கோராரோ குழு மூன்று சுருள்களைக் கோத்த பெப்டைடில், ஒரு முனையில் கட்டமைப்புக்காகப் பாதரசத்தையும் மறுமுனையில் வினைக்காகத் துத்தநாகத்தையும் வைத்து, 2012-ல் கார்பானிக் அன்ஹைட்ரேஸின் வேலையைச் செய்ய வைத்தது. டொனால்ட் ஹில்வெர்ட் குழு 2018-ல் காட்டியது இன்னும் வியப்பானது. துத்தநாகத்தைச் சுற்றிச் சேரும் சிறு பெப்டைடுகளில் தொடங்கி, அவற்றை ஒரே சங்கிலியாக்கி, பரிணாமத்தின் வழியே நடத்திச் சென்றது. கிடைத்த எஸ்டரேஸின் (எஸ்டரை உடைக்கும் நொதி) வினைத்திறன் மோலாருக்கு வினாடிக்குப் பத்து லட்சத்தை நெருங்குகிறது. இயற்கை நொதிகளே பல அந்த அளவை எட்டுவதில்லை.

முதல் முறையாகச் செய்பவர் நான்காவதைத் தொட வேண்டாம் என்பதே என் கருத்து. புரதம் மடியுமா, உலோகம் பிடிக்குமா, வினை நடக்குமா என்ற மூன்று கேள்விகளை ஒரே நேரத்தில் எதிர்கொள்ள வேண்டிவரும். ஒன்று தவறினாலும் எது தவறியது என்று பிரித்தறிவது கடினம்.

படி 4: கணினியில் எதுவரை போகலாம்

படிகக் கட்டமைப்பு கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் புரத வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு நிரலின் கணிப்பு. புரதச் சங்கிலியின் புதிய முதுகெலும்பு வரைய ஆர்எஃப்டிஃப்யூஷன், அதற்குப் பொருந்தும் வரிசை எழுத புரோட்டீன்எம்பிஎன்என். டேவிட் பேக்கர் குழுவின் இந்தக் கருவிகளின் அனைத்தணு வடிவம் 2024-ல் ஹீமைப் பிடிக்கும் புரதங்களைப் புதிதாக வரைந்தது. வரைந்த மாதிரியின் முதுகெலும்புக் கோணங்கள் இயலக்கூடியவைதானா என்று பார்க்க எல்லாரும் திறப்பது ராமச்சந்திரன் வரைபடம். 1963-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் ராமகிருஷ்ணனும் சசிசேகரனும் வெளியிட்ட அந்தக் கணக்கு இன்றும் மாறாமல் நிற்கிறது. அனுமதிக்கப்படாத பகுதியில் புள்ளி விழுந்தால், உலோகத்தைப் பிடிக்கும் வளைவு ஒன்றை நீங்கள் வலிந்து முறுக்கியிருக்கிறீர்கள் என்று பொருள்.

உலோகம் இருக்கும் இடத்தில் தூரங்களை நீங்களே அளந்து பாருங்கள். துத்தநாகத்துக்கும் ஹிஸ்டிடின் நைட்ரஜனுக்கும் இடையே 2.0 முதல் 2.1 ஆங்ஸ்ட்ராம், சிஸ்டீன் கந்தகத்துக்கு 2.3. மாதிரியில் 2.6 என்று வந்தால் அந்தக் குழி உலோகத்துக்காகக் காத்திருக்கவில்லை. ஹிஸ்டிடினில் இரண்டு நைட்ரஜன்கள் உண்டு. எது உலோகத்தைப் பிடிக்கிறது என்பதையும் முடிவு செய்யுங்கள். மற்றது ஹைட்ரஜன் பிணைப்புக்கு ஒரு துணையைத் தேடும். அந்தத் துணையை இரண்டாம் வளையத்தில், அதாவது உலோகத்தைத் தொடாமல் அதைச் சூழ்ந்து நிற்கும் அமினோ அமிலங்களில், வைத்துக் கொடுத்தால் ஹிஸ்டிடின் அசையாமல் நிற்கும்.

ஆடிபிம்பத் தேர்வைக் கணினியில் கணிக்க முடியும் என்று மட்டும் நம்ப வேண்டாம். 25 டிகிரி செல்சியஸில் 90 சதவீத மிகை என்பது, இரு நிலைமாற்ற நிலைகளுக்கு இடையே மோலுக்கு வெறும் 1.75 கிலோகலோரி வேறுபாடு. 99 சதவீதத்துக்கும் 3.1 போதும். ஒரு ஹைட்ரஜன் பிணைப்பின் பங்கே அந்த அளவுக்கு வரும். உலோகம் அடங்கிய அமைப்புகளில் குவாண்டம் கணக்கீட்டின் பிழையும் ஏறத்தாழ அதே அளவுதான். ஆகவே எந்தெந்த இடங்களை மாற்றிப் பார்க்கலாம் என்ற பட்டியலைக் கணினியிடம் வாங்குங்கள். விடையை ஆய்வகத்தில் தேடுங்கள்.

படி 5: தயாரிப்பும் உலோகமேற்றமும்

புரதத்தை ஈ.கோலை பாக்டீரியாவில் வளர்ப்பது வழக்கமான வேலை. ஆனால் உலோக நொதிக்கென்று சில எச்சரிக்கைகள் உண்டு.

புரதத்தைத் தூய்மையாக்க வழக்கமாகக் கோக்கும் ஹிஸ்டிடின் வாலைப் பழக்கதோஷத்தில் சேர்த்துவிடாதீர்கள். ஆறு ஹிஸ்டிடின்கள் வரிசையாக நின்றால் தாமிரமும் நிக்கலும் குழியை விட்டுவிட்டு அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். வேறு வால் போடுங்கள், அல்லது தூய்மையாக்கியதும் வெட்டிவிடுங்கள். ஸ்ட்ரெப்டாவிடினுக்கு வாலே தேவையில்லை. இமினோபயோட்டின் தூணில் உயர் பிஎச்சில் ஒட்டும், அமிலத்தில் கழன்று வரும். தாங்கல் கரைசலிலும் கவனம் தேவை: டிரிஸ் தாமிரத்தைப் பிடித்துக்கொள்ளும், பாஸ்பேட் பல உலோகங்களை வீழ்படிவாக்கும். மாப்ஸ், ஹெப்பெஸ் போன்றவை பொதுவாகப் பாதுகாப்பானவை. ஒடுக்கிக்காக டைதயோதிரிட்டால் சேர்த்திருந்தால், உலோகம் சேர்க்கும் முன் உப்புநீக்கத் தூணில் அதை முழுதும் கழுவுங்கள். அதன் கந்தகங்கள் விலையுயர்ந்த இரிடியத்தைச் செயலிழக்க வைத்துவிடும்.

ஏற்கெனவே இருக்கும் உலோகத்தை எடுக்க வேண்டுமானால் ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை உண்டு. கார்பானிக் அன்ஹைட்ரேஸின் துத்தநாகத்தை டைபிகோலினிக் அமிலம் உருவிவிடும். மயோகுளோபினின் ஹீமை, குளிர்ந்த அமிலக் கரைசலில் பியூட்டனோன் சேர்த்துக் குலுக்கிப் பிரிக்கலாம். பழுப்பு நிறம் மேலடுக்குக்கு ஏறி, கீழே புரதம் நிறமற்று நிற்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

ஸ்ட்ரெப்டாவிடினில் எத்தனை குழிகள் திறந்திருக்கின்றன என்று எண்ணுவதற்கு அழகான ஒரு சோதனை இருக்கிறது. ஹாபா என்ற சாயம் அந்தக் குழியில் பலவீனமாகப் பிணையும். பிணைந்ததும் 500 நானோமீட்டரில் உறிஞ்சத் தொடங்கும், கரைசல் மஞ்சளிலிருந்து செம்மஞ்சளுக்கு மாறும். அதில் பயோட்டின் கோத்த அணைவைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக்கொண்டே உறிஞ்சலைப் படியுங்கள். சாயம் வெளியேற வெளியேற அளவு நேர்கோட்டில் இறங்கி, ஒரு புள்ளியில் திரும்பித் தட்டையாகும். ஒரு ஸ்ட்ரெப்டாவிடினில் குழிகள் நான்கு. அந்தத் திருப்பம் நான்கு சமானத்தில், அதாவது ஒரு புரதத்துக்கு நான்கு அணைவு என்ற அளவில், வந்தால் நான்கு குழிகளும் நலம். மூன்றில் வந்தால் உங்கள் புரதத்தில் கால்வாசி ஏற்கெனவே பயோட்டினோடு வந்திருக்கிறது, அல்லது குலைந்திருக்கிறது. அது தெரியாமல் நான்கு சமானம் அணைவைச் சேர்த்தால் ஒரு சமானம் கரைசலில் தனியாகத் திரியும். அது செய்யும் சேதத்தை அடுத்த படியில் பாருங்கள்.

படி 6: வினை உள்ளேதான் நடக்கிறதா?

இந்தப் படியைத் தாண்டாத எந்த முடிவையும் நான் நம்புவதில்லை. ஒரு கணக்குப் போடுவோம். குழிக்குள் இருக்கும் உலோகம் 95 சதவீத மிகை தருகிறது. அணைவில் 90 சதவீதம் உள்ளே இருக்கிறது, 10 சதவீதம்தான் வெளியே. ஆனால் வெளியே இருப்பது ஐந்து மடங்கு வேகமாக வேலை செய்கிறது, தேர்வேதும் இல்லாமல். விளைபொருளில் ஏறத்தாழ 36 சதவீதம் வெளியிலிருந்து வந்திருக்கும். நீங்கள் காணும் மிகை 61-க்கு இறங்கிவிடும். புரத வடிவமைப்பு மோசம் என்று நினைத்து நல்ல மாற்றுருவைத் தூக்கி எறிந்திருப்பீர்கள். இதன் மறுபக்கமும் உண்டு. மிகையே இல்லாத வினைகளில், வேகம் முழுவதும் வெளியே திரியும் உலோகத்தினுடையதாக இருந்தும் "நொதி" என்று பெயர் சூட்டப்பட்டுவிடும்.

ஆகவே ஒப்பீட்டுச் சோதனைகள். உலோக அணைவு மட்டும், புரதம் இல்லாமல். புரதம் மட்டும், உலோகம் இல்லாமல். அணைவோடு வேறொரு புரதம். மாட்டுச் சீரம் ஆல்புமின் இதற்கு வசதி. ஏதோ ஒரு புரதம் கூட இருந்தாலே வேகம் கூடுகிறதா என்று இது சொல்லும். பிறகு குழியை அடைத்துப் பார்ப்பது: ஸ்ட்ரெப்டாவிடினில் முன்கூட்டியே சாதாரண பயோட்டினை மிகையாக ஊற்றிவிட்டு, அதன்பின் அணைவைச் சேர்த்தால், உள்ளே இடமில்லாததால் ஆடிபிம்ப மிகை மறைய வேண்டும். மறையவில்லை என்றால் உங்கள் கதை தவறு. சவ்வு வடிகட்டலும் செய்யுங்கள். புரதம் தாண்டாத சவ்வில் வடிகட்டி, கீழே வந்த நீரில் வினைபடுபொருளைப் போடுங்கள். அங்கே வினை நடந்தால் உலோகம் கசிகிறது.

கடைசியாக உலோகத்தை எண்ணுவது. ஐசிபி நிறை நிறமாலை ஒரு புரதத்துக்கு எத்தனை உலோகம் என்று சொல்லும், எங்கே என்று சொல்லாது. புரதத்தைக் குலைக்காமல் எடுக்கும் மின்தெளிப்பு நிறை நிறமாலையும் படிகக் கட்டமைப்பும் அந்தக் குறையை நிரப்பும். படிகம் கிடைக்காவிட்டால், உலோகத்துக்கு அருகில் இருக்கும் ஓர் அமினோ அமிலத்தை மாற்றிப் பாருங்கள். மிகையோ வேகமோ தெளிவாக அசைந்தால் அதுவே வலுவான சாட்சி.

படி 7: இரண்டாம் வளையம்

இப்போது நம் சால்சோலிடினுக்குத் திரும்புவோம். இரிடியம் அதே இரிடியம், ஈனி அதே ஈனி. ஸ்ட்ரெப்டாவிடினில் 112-ஆம் இடத்துச் செரீன் அலனினாக மாறியபோது வலது வடிவம் 96 சதவீத மிகையில் வந்தது. அதே இடத்தில் லைசினை வைத்தபோது இடது வடிவம் 78 சதவீத மிகையில் வந்தது. உலோகத்தைத் தொடாத ஓர் அமினோ அமிலம், விளைபொருளின் கையையே திருப்பிவிட்டது. இந்தத் துறையில் என்னை ஈர்த்து நிறுத்திய முடிவு இதுதான்.

121-ஆம் இடமும் சளைத்ததல்ல. வார்ட் குழுவும் டோமிஸ்லாவ் ரோவிஸ் குழுவும் 2012-ல் ரோடியம் அணைவைக் கொண்டு கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பை உடைக்கும் வினையை எடுத்தார்கள். ரோடியத்துக்கு அருகில் கார்பாக்சிலேட் ஒன்று காரமாக நின்றால் அந்த ஹைட்ரஜனை எளிதில் வாங்கிக்கொள்ளும் என்பது வழிமுறையிலிருந்து தெரிந்தது. 121-ல் குளுட்டமேட்டை வைத்தார்கள். தனித்த ரோடியம் அணைவோடு ஒப்பிட வேகம் ஏறத்தாழ நூறு மடங்கு கூடியது. வழிமுறை தெரிந்த வினையைத் தேர்வு செய்யுங்கள் என்று முதல் படியில் சொன்னதற்குக் காரணம் இதுதான்: எந்த இடத்தில் எந்தத் தொகுதி வேண்டும் என்று வழிமுறையே சொல்லிவிடுகிறது.

அப்படிச் சொல்லாத இடங்களில் சலித்துப் பார்க்க வேண்டும். ஒரே இடத்தில் இருபது அமினோ அமிலங்களையும் வரவழைக்க 32 கோடான்கள் (அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்து மரபுக் குறியீடுகள்) கொண்ட கலவையைப் பயன்படுத்துவார்கள். 95 சதவீதம் நிறைவாகச் சலிக்க ஏறத்தாழ 94 பாக்டீரியாக் காலனிகள், அதாவது ஒரு 96 கிணற்றுத் தட்டு போதும். இரண்டு இடங்களை ஒன்றாக மாற்றினால் 3,000-க்கும் மேல் தேவை. அதனால் முதலில் ஒவ்வோர் இடமாகச் சென்று, நல்லதை நிலைநிறுத்தி அடுத்ததற்குப் போவது நடைமுறை. இதில் ஒரு குறையும் உண்டு. தனித்தனியே கெட்டதாகத் தெரியும் இரண்டு மாற்றங்கள் சேர்ந்தால் நல்லதாகலாம். வரிசையாகப் போகிறவர் அதைக் காணமாட்டார். 112, 121 ஆகிய இரண்டு இடங்களிலும் எல்லாச் சேர்க்கைகளையும், மொத்தம் 400 மாற்றுருக்களையும், வார்ட் குழு தனித்தனியே உருவாக்கிப் பல வினைகளில் சோதித்தது இதற்காகத்தான். ஒவ்வொரு வினைக்கும் வேறு வேறு சேர்க்கை வென்றது.

சில மாற்றங்களே போதும் என்பதற்கு ஆர்னால்ட் குழுவின் 2016 முடிவு சான்று. வெந்நீரூற்று பாக்டீரியாவான ரோடோதெர்மஸ் மரைனஸின் சைட்டோகுரோம் சி-யில் மூன்றே இடங்களை மாற்றி, சிலிக்கனுக்கும் கார்பனுக்கும் இடையே பிணைப்பு போடவைத்தார்கள். உயிருலகில் எங்கும் காணப்படாத பிணைப்பு அது. மாற்றிய மூன்றில் ஒன்று இரும்பின் அச்சு ஈனியான மெத்தியோனின். அதை எடுத்ததும், வினையில் உருவாகும் கார்பீன் என்ற இடைநிலைத் தொகுதி வந்து அமர இடம் கிடைத்தது.

படி 8: செல்லுக்குள் கொண்டுபோவது

ஆயிரக்கணக்கில் சலிக்க வேண்டுமானால் ஒவ்வொரு புரதத்தையும் தூய்மையாக்க முடியாது. செல்லுக்குள்ளோ உடைத்த செல்சாற்றிலோ சோதிக்க வேண்டும். அங்கே நிற்கும் முதல் எதிரி குளுட்டதயோன் என்ற கந்தகம் ஏந்திய சிறு மூலக்கூறு. ஈ.கோலையின் சைட்டோபிளாசத்தில் அது மில்லிமோலார் அளவில் நிறைந்திருக்கிறது. மைக்ரோமோலாரில் இருக்கும் உங்கள் உலோகம் அதன் கந்தகத்திடம் தோற்றுவிடும்.

செல்சாற்றில் டையமைடு சேர்த்து அதை ஆக்சிஜனேற்றி அடக்கலாம். 2016-ல் வார்ட் குழு இன்னும் நேர்த்தியான வழியைக் கண்டது. ஸ்ட்ரெப்டாவிடினின் முன்னால் ஒரு அனுப்புச் சமிக்ஞையைக் கோத்து, பாக்டீரியாவின் இரு சவ்வுகளுக்கும் இடையே இருக்கும் பெரிபிளாசத்துக்கு அதை ஏற்றுமதி செய்தார்கள். அங்கே குளுட்டதயோன் குறைவு. பயோட்டின் கோத்த ருத்தேனியம் வெளிச்சவ்வைக் கடந்து அங்கேயே சந்திக்கும். அம்பெல்லிஃபெரோன் ஒளிர, தட்டு தட்டாகச் சலித்து மெட்டாதெசிஸ் நொதியை மேம்படுத்தினார்கள்.

படி 9: எண்களை எப்படிச் சொல்வது

மாற்றச் சதவீதத்தை மட்டும் சொல்லாதீர்கள். ஒரு மோல் வினையூக்கி எத்தனை மோல் விளைபொருள் தந்தது என்ற சுழற்சி எண்ணைச் சொல்லுங்கள். தொடக்க வேகத்தைச் சொல்லுங்கள். அதே நிலைமையில் தனித்த உலோக அணைவின் எண்களைப் பக்கத்திலேயே வையுங்கள்.

சுழற்சி எண் ஏன் இவ்வளவு முக்கியம் என்று எடைக்கணக்கில் பார்த்தால் புரியும். 30,000 மூலக்கூறு எடையுள்ள புரதம் ஒரு கிராம். விளைபொருளின் மூலக்கூறு எடை 200. சுழற்சி எண் 100 என்றால் கிடைப்பது 0.67 கிராம், போட்ட புரதத்தை விடக் குறைவு. 10,000 என்றால் 67 கிராம். ருடி ஃபசான் குழு மயோகுளோபினில் 64-ஆம் இடத்து ஹிஸ்டிடினையும் 68-ஆம் இடத்து வேலினையும் மாற்றிச் செய்த வளையமாக்கலில் பல்லாயிரம் சுழற்சிகளை எட்டியது. தொழிற்சாலைக் கதவைத் தட்டும் தகுதி அந்த அளவில்தான் தொடங்குகிறது.

முதல் முயற்சிக்கு எதை எடுப்பது

இரிடியமும் பயோட்டின் ஈனித் தொகுப்பும் கைக்கு எட்டாத கல்லூரி ஆய்வகத்துக்கு என் பரிந்துரை ரூல்ஃபெஸ் குழுவின் எல்எம்ஆர்ஆர் புரதம். லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் பாக்டீரியாவிலிருந்து வந்தது. இரண்டு சங்கிலிகள் சேர்ந்து நடுவே ஒரு நீர்விலக்கும் குழியை உண்டாக்குகின்றன. குழியின் இரு பக்கமும் 96-ஆம் இடத்து டிரிப்டோஃபேன்கள் எதிரெதிரே நிற்கின்றன. தட்டையான பீனாந்த்ரோலின்–தாமிர அணைவைக் கரைசலில் சேர்த்தால் அந்த இரண்டுக்கும் இடையே நுழைந்து உட்காரும். நங்கூரம் வேண்டாம், சகபிணைப்பு வேண்டாம். இண்டோலை இமிடசோல் கீட்டோனோடு சேர்க்கும் ஃபிரீடல்–கிராஃப்ட்ஸ் வினையில் 90 சதவீதத்தைத் தாண்டிய மிகை கிடைத்திருக்கிறது. தாமிர நைட்ரேட்டும் பீனாந்த்ரோலினும் எந்த ஆய்வகத்திலும் அலமாரியில் இருக்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். இது டிஎன்ஏவைப் பிடிக்கும் புரதம். தூய்மையாக்கும்போது பாக்டீரியாவின் டிஎன்ஏ ஒட்டிக்கொண்டே வரும். ஹெப்பாரின் தூணில் அதைப் பிரியுங்கள், அல்லது 55, 59 ஆகிய இடங்களின் லைசின்களை மாற்றிய வடிவத்தில் தொடங்குங்கள். அடுத்தது, இங்கே பிணைப்பு மைக்ரோமோலார் அளவில்தான். ஸ்ட்ரெப்டாவிடினைப் போல இறுக்கமில்லை. ஆகவே தாமிரத்தைவிடப் புரதத்தைச் சற்றுக் கூடுதலாகவே வையுங்கள். மரபணுவை ஆர்டர் செய்யும்போதே 96-ஆம் இடத்து டிரிப்டோஃபேனை அலனினாக்கிய வடிவத்தையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். ஆறாம் படியின் ஒப்பீட்டுச் சோதனைக்கு அது முதல் வாரத்திலேயே தேவைப்படும்.